குழலுக்கு எடை, கைக்கு அமைதி: 10 மீட்டர் ஏர் ரைஃபிளைச் சீரமைக்க முழுமையான வழிகாட்டி

10 மீட்டர் ஏர் ரைஃபிள் (அழுத்தக் காற்றால் சுடும் துப்பாக்கியால் 10 மீட்டர் தள்ளியுள்ள இலக்கைச் சுடும் விளையாட்டு) பயிற்சியில் ஓரளவு தேறியதும் பலருக்கும் ஒரே ஆசை வந்துவிடுகிறது: குழலின் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் கனமாக இருந்தால் துப்பாக்கி ஆடாமல் நிற்குமே! ஆசை நியாயமானதுதான். கனமான முனை மெதுவாக அசையும், மெதுவாக அசைவதைக் கண் பின்தொடர முடியும், கண் பின்தொடர முடிந்தால் விரலும் நிதானமாக அழுத்தும். ஆனால் எடையை மாட்டிய அன்றைக்கே மதிப்பெண் ஏறிவிடும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். எடை மாறினால் சமநிலை மாறுகிறது. சமநிலை மாறினால் தோளும் கன்னமும் இடக்கையும் வேறு இடம் தேடுகின்றன. குண்டு விழும் இடமும் நகர்கிறது. எவ்வளவு எடை என்பதைவிட எந்த இடத்தில் எடை, அதற்கேற்ப மற்றவற்றை எந்த வரிசையில் சரிசெய்கிறோம் என்பதே முக்கியம். இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியது. வலக்கைக்காரரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்; இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு நுண்ணிய விளையாட்டு இது?

எண்களைப் பார்த்துவிட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். இலக்கின் நடுவிலுள்ள பத்து என்பது வெறும் 0.5 மி.மீ. விட்டமுள்ள புள்ளி. கறுப்பு வட்டம் முழுவதும் 30.5 மி.மீ. பெல்லட்டின், அதாவது சிறிய ஈயக் குண்டின், விட்டம் 4.5 மி.மீ. என்பதால், அதன் நடுப்பகுதி இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து கிடைக்கும். தசம முறையில் அந்த 2.5 மி.மீ.யும் 10.0 முதல் 10.9 வரை பத்தாகப் பிரிக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு 0.1 புள்ளியும் 0.25 மி.மீ. தூரம்.

இதைக் குழல் முனைக்குக் கொண்டுவந்து பாருங்கள். பின்பார்வையிலிருந்து (கண்ணருகே உள்ள, துளை வழியே குறிபார்க்கும் பாகம்) முனை வரை சுமார் 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முனை 0.2 மி.மீ. விலகும்போது இலக்கில் அது 2.5 மி.மீ. அளவாகிவிடுகிறது. அதாவது இரண்டு தாள்களின் தடிமன் அளவுக்கு முனை நகர்ந்தால், நட்டநடுப் பத்து ஒன்பதாகிவிடும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபிநவ் பிந்திரா தங்கம் வென்றபோது மொத்தம் 700.5, வெள்ளி வென்ற சீன வீரருக்கு 699.7. 70 குண்டுகளுக்குப் பிறகு இருவருக்கும் இடையே இருந்தது 0.8 புள்ளி.

எடை உண்மையில் என்ன செய்கிறது?

கனமான துப்பாக்கி பின்னுதைப்பைக் குறைக்கும் என்ற விளக்கம் ஏர் ரைஃபிளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் சொச்சம் வேகத்தில் வெளியேறினால், 5 கிலோ துப்பாக்கி பின்னோக்கி நகரும் வேகம் வினாடிக்கு 2 செ.மீ. அளவுதான், கூடவே வெளியேறும் காற்றின் பங்கு இதில் கொஞ்சம் சேரும். பெல்லட் குழலுக்குள் இருப்பது சில மில்லி வினாடிகள் மட்டுமே. அதற்குள் இந்த நகர்வு பெரிதாக எதையும் கெடுத்துவிடாது.

எடையின் உண்மையான பயன் சுழற்சியை எதிர்ப்பதில் இருக்கிறது. ஒரு பொருளைத் திருப்பத் தேவையான முயற்சி, எடை இருக்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. இடக்கை தாங்கும் இடத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி 100 கிராம் வைப்பதற்கும் 40 செ.மீ. தள்ளி அதே 100 கிராமை வைப்பதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் என்று தோன்றும். சுழற்சித் தடையில் அது நான்கு மடங்கு. கை தாங்கவேண்டிய முன்பாரமோ இரண்டு மடங்கு மட்டுமே கூடுகிறது. இந்த இரண்டு கணக்குகளுக்கும் உள்ள இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் லாபம். குறைந்த எடையைத் தூரத்தில் வைப்பது, அதிக எடையை நடுவில் குவிப்பதைவிட முனையை அதிகம் அமைதிப்படுத்தும்.

அப்படியானால் எல்லாவற்றையும் முனையிலேயே மாட்டிவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. முன்பாரம் மிகுந்தால் முதுகு அதிகம் பின்னால் சாயும், இடது இடுப்பில் அழுத்தம் ஏறும், நாற்பதாவது குண்டுக்குப் பிறகு முனை தானாகக் கீழே இறங்கத் தொடங்கும். பதின்வயதில் இருப்பவர்களை, போட்டி விதி அனுமதிக்கும் 5.5 கிலோ உச்சவரம்பை நோக்கித் தள்ளும் பயிற்சியாளர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நின்று சுடும் நிலையில் முதுகெலும்பு ஏற்கெனவே வளைந்தும் திரும்பியும் நிற்கிறது; வளரும் உடம்பில் அதன்மேல் பாரம் ஏற்றுவது அவசரப்படக்கூடாத வேலை.

தொடங்குமுன்

வேலை எதுவானாலும், முதலில் குழல் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பாதுகாப்புக் கம்பியைக் குழல் முழுவதும் செலுத்தி, அதன் இரு முனைகளும் வெளியே தெரியும்படி விடுங்கள். அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றி வைக்கலாம். கழற்றிய பின்னும் உள்ளே ஒரு குண்டுக்கான காற்று தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதைப் பாதுகாப்பான திசையில் வெளியேற்றிவிட்டே ஸ்க்ரூவில் கைவையுங்கள்.

தேவைப்படும் பொருள்கள் அதிகமில்லை: துப்பாக்கியின் அளவுக்கேற்ற ஆலன் கீ (அறுகோணத் திருகுச்சாவி), சிறிய டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கு அளவுக்கு இறுக்கும் கருவி), கிராம் கணக்கில் காட்டும் தராசு, வெர்னியர் காலிப்பர், மென்மையான பென்சில், மறைப்பு நாடா, ஒரு குறிப்பேடு. இவற்றில் முதலிடம் குறிப்பேட்டுக்குத்தான். எழுதி வைக்காத அளவு அடுத்த வாரம் இருக்காது.

முதல் படி: துப்பாக்கியைச் சந்தேகப்படுங்கள்

எடை சேர்ப்பதற்கு முன்பே துப்பாக்கி ஒழுங்காகச் சுடுகிறதா என்பது தெரியவேண்டும். இல்லையென்றால் பழைய கோளாறின் பழி புதிய எடையின்மேல் விழும்.

இயங்குபகுதியை (சுடும் பொறிமுறை உள்ள உலோகப் பகுதி) கட்டையோடு (அதைத் தாங்கும் உடல்) இணைக்கும் ஸ்க்ரூக்களில் தொடங்குங்கள். அவை தளர்ந்திருந்தால் க்ரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் விழுந்த கூட்டம்) காரணமில்லாமல் இரண்டாகப் பிரியும். ஒரு நாள் இங்கே விழும், மறுநாள் அங்கே விழும். தயாரிப்பாளர் கையேட்டில் கொடுத்திருக்கும் முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கைக்கணக்கு வேண்டாம்: இரண்டு ஸ்க்ரூக்களும் ஒரே அளவில் இருக்கவேண்டும், அடுத்த முறையும் அதே அளவுக்கு இறுக்க முடியவேண்டும். மரக்கட்டையாக இருந்தால் ஈரப்பதத்துக்கு ஏற்பக் கட்டை சுருங்கி விரியும். அலுமினியக் கட்டையைவிட அடிக்கடி பார்க்கவேண்டியிருக்கும்.

அடுத்து, குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் ஒரு தாளை நுழைத்து இயங்குபகுதி வரை இழுத்துப் பாருங்கள். குழல் கட்டையைத் தொடாதவாறு வடிவமைக்கப்பட்ட துப்பாக்கியில் தாள் எங்கும் சிக்கக்கூடாது. சிக்கினால், கை அழுத்தம் மாறும்போதெல்லாம் குண்டு விழும் இடமும் மாறும்.

சிலிண்டரில் முத்திரையிடப்பட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் அதை ஒதுக்கிவிடவேண்டும். இதில் பேரம் கிடையாது. நிரப்பும்போது பெரும்பாலான சிலிண்டர்களுக்கு 200 பார்தான் மேல்வரம்பு. வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி, முள் 200 காட்டும், ஆறியபின் இறங்கிவிடும். மெதுவாக நிரப்புங்கள். உலர்ந்த, சுத்தமான காற்று மட்டுமே நிரப்பவேண்டும். ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது. எண்ணெய்ப்பசை உள்ள இடத்தில் அழுத்தமேறிய ஆக்சிஜன் வெடிக்கும்.

வேகமானி கிடைத்தால் பத்து குண்டுகளின் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரைக் கடக்கப் பெல்லட் எடுத்துக்கொள்ளும் நேரம் 0.06 வினாடி. அதற்குள் ஈர்ப்பு விசை அதைச் சுமார் 18 மி.மீ. கீழே இழுத்துவிடுகிறது. வேகம் வினாடிக்கு 3 மீட்டர் குறைந்தால் இந்த இறக்கம் ஏறத்தாழ 0.6 மி.மீ. கூடும், அதாவது 0.2 புள்ளிக்கும் மேல். பத்து குண்டுகளில் வேகம் இப்படி அலைந்தால் கோளாறு ரெகுலேட்டரிலோ (காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம்) சீலிலோ இருக்கிறது. பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அழுத்தக் காற்று நிற்கும் பகுதிகளையும், குழலை இயங்குபகுதியிலிருந்து பிரிக்கும் வேலையையும் சொந்தமாகத் தொடவேண்டாம். இந்த வழிகாட்டியில் உள்ள எதற்கும் அது தேவையும் இல்லை.

இரண்டாம் படி: ஆதாரக் க்ரூப்

இப்போது மேசையில் தாங்கு வைத்துச் சுடவேண்டும். தாங்கு முன்கட்டையின் அடியில் இருக்கட்டும். குழலின் அடியில் வைத்தால் குழல் மேல்நோக்கி வளைந்து பொய்க்கணக்குக் கொடுக்கும்.

ஐந்து குண்டு க்ரூப்பை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஐந்து குண்டுகள் தற்செயலாக ஒரே ஓட்டையில் விழுவது சாதாரணம். ஒவ்வொரு வகைப் பெல்லட்டுக்கும் பத்துப் பத்தாக, குறைந்தது மூன்று க்ரூப் சுட்டு, சராசரியை எடுங்கள். காலிப்பரால் க்ரூப்பின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து 4.5 மி.மீ. கழித்தால், மிகத் தொலைவில் விழுந்த இரண்டு குண்டுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரம் கிடைக்கும். நல்ல போட்டித் துப்பாக்கி, பொருத்தமான பெல்லட்டோடு, இறுக்கிப் பிடித்த தாங்கில் 1 மி.மீ. அளவில் நிற்கும். கையால் பிடித்து மேசையில் சுடும்போது இதைவிடக் கொஞ்சம் விரியும்.

பெல்லட்டைப் பற்றி இங்கே சற்று நிற்கவேண்டும். புதிய எடைத்துண்டுகளுக்குச் செலவழிக்கத் தயங்காதவர்கள் பெல்லட் சோதனைக்கு ஒரு மாலைப்பொழுதைக் கொடுக்க யோசிப்பது எனக்குப் புரியாத விஷயம். போட்டிப் பெல்லட்டுகள் தலைப்பகுதியின் விட்டத்தைக் கொண்டு 4.48, 4.49, 4.50, 4.51 என்று பிரித்து விற்கப்படுகின்றன. ஒரு குழலுக்கு 4.49 பிடிக்கும், அதே தயாரிப்பாளரின் அடுத்த குழலுக்கு 4.50 பிடிக்கும். ஏன் என்று ஆராய்வதைவிடச் சுட்டுப் பார்ப்பது எளிது. ஒரே அளவிலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி மாறும். ஆகவே பெட்டியின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, பிடித்த தொகுதி கிடைத்தால் அந்தப் பருவம் முழுவதுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பெல்லட்டின் பின்பாவாடை மிக மெல்லிய ஈயம். பெட்டி ஒருமுறை கீழே விழுந்தாலே சிலவற்றின் விளிம்பு நசுங்கிவிடும். வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் நசுங்கியது முழு வட்டமாக மின்னாது, ஓரிடத்தில் தட்டையாகத் தெரியும். அவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

குழல் பல நாள்களாகச் சுத்தம் செய்யப்படாமல் இருந்தால், சோதனைக்கு முன் தயாரிப்பாளர் சொல்லும் முறையில் ஃபெல்ட் உருண்டைகளால் துடைத்துவிடுங்கள். துடைத்த உடனே சுடும் முதல் சில குண்டுகள் சிதறும்; குழலுக்குள் ஈயப்பூச்சு மீண்டும் படிந்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

இந்த ஆதாரக் க்ரூப் திருப்தியாக இருந்தால்தான் அடுத்த படி. மேசையிலேயே 4 மி.மீ. விரியும் துப்பாக்கிக்கு எடைத்துண்டு மருந்தல்ல.

மூன்றாம் படி: இப்போதைய எடையும் சமநிலையும்

போட்டியில் இருப்பதுபோலவே எல்லாவற்றையும் மாட்டுங்கள்: முன்பார்வை (குழல் முனையருகே உள்ள குறிவட்டம்), பின்பார்வை, கண்மறைப்பு (குறிபார்க்காத கண்ணை மறைப்பது), கைத்தாங்கி (இடக்கை தாங்கும் பாகம்), நிரம்பிய சிலிண்டர். மொத்தத்தையும் எடை போடுங்கள். சர்வதேச விதிப்படி ஏர் ரைஃபிளின் மேல்வரம்பு 5.5 கிலோ. எடைத்துண்டுகள் குழலின் மையத்திலிருந்து 30 மி.மீ. ஆரத்துக்குள் அடங்கவேண்டும். இயங்குபகுதியின் பின்முனையிலிருந்து குழலின் வெளித்தோற்ற முனை வரையிலான நீளம் 850 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. விதிப்புத்தகம் அவ்வப்போது திருத்தப்படுகிறது. வாங்குவதற்கு முன் நடப்புப் பதிப்பை ஒருமுறை பாருங்கள்.

பிறகு ஒரு உருளைக்கம்பியின்மேல் துப்பாக்கியைக் குறுக்காக வைத்து, முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கீழே மெத்தையோ போர்வையோ விரித்து, ஒரு கையைத் துப்பாக்கியின்மேல் வைத்துக்கொண்டே இதைச் செய்யவேண்டும். சமநிலைப்புள்ளியில் மறைப்பு நாடாவை ஒட்டிக் கோடு போடுங்கள். இடக்கை தாங்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் இனி நீங்கள் விளையாடப்போகும் எண். சமநிலைப்புள்ளி கைக்கு முன்னால் எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு முன்பாரம்.

நான்காம் படி: எடைத்துண்டை மாட்டுதல்

சிறிதாகத் தொடங்குங்கள். 50 கிராம், அதிகம் போனால் 100 கிராம். முதல் இடம் குழலின் நடுப்பகுதியாக இருக்கட்டும். அங்கிருந்து முனையை நோக்கி 5 செ.மீ. வீதம் நகர்த்தலாம்.

மாட்டுமுன் குழலின் மேற்பரப்பையும் எடைத்துண்டின் உள்வளைவையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். எண்ணெய்ப்பசை இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் மெல்ல நழுவும். இரண்டு ஸ்க்ரூ உள்ள துண்டாக இருந்தால், ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதைத் தொடாமல், இரண்டையும் கால்சுற்று கால்சுற்றாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். பிளவின் இடைவெளி இருபக்கமும் ஒரே அளவில் தெரியவேண்டும். எடைத்துண்டு முழுப்பரப்பிலும் உட்காருகிறதா, ஒரு விளிம்பில் மட்டும் கடிக்கிறதா என்பதற்கு அந்த இடைவெளியே சாட்சி. நழுவாத அளவுக்கு இறுகினால் போதும். அளவுக்கு மீறிய இறுக்கம் குழலையே நெருக்கும். போட்டிக் குழல்களின் உள்விட்டம் நூற்றில் ஒரு பங்கு மி.மீ. கணக்கில் தீட்டப்பட்டது என்பதை மறக்கவேண்டாம். குழலைச் சுற்றி உறை உள்ள துப்பாக்கியில் எடை உறையின்மேல் உட்காரும். அங்கே இன்னும் மென்மையாக இறுக்குங்கள்.

இறுக்கி முடித்ததும், எடைத்துண்டின் விளிம்பும் குழலும் சேரும் இடத்தில், இரண்டின்மேலும் ஓடும்படி ஒரு பென்சில் கோடு இழுங்கள். எடை நழுவினாலோ சுழன்றாலோ கோடு உடையும். சின்ன வேலைதான், ஆனால் திடீரென்று க்ரூப் இடம் மாறும் நாளில் ஒரு மணி நேரக் குழப்பத்தை இந்தக் கோடு ஒரு நொடியில் தீர்த்துவிடும்.

மறுபடியும் எடை, மறுபடியும் சமநிலைக் கோடு. குறிப்பேட்டில் எழுதுங்கள்: எத்தனை கிராம், முனையிலிருந்து எத்தனை செ.மீ., சமநிலைப்புள்ளி எங்கே.

ஐந்தாம் படி: மீண்டும் மேசை

நின்று பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, முதலில் மேசையில் மூன்று க்ரூப் சுடுங்கள். குழலின்மேல் எடை ஏறினால் குண்டு விழும் இடம் நகர்வது இயல்பு. க்ரூப்பின் அளவு மாறாதவரை கவலையில்லை. அளவு விரிந்திருந்தால் எடைத்துண்டை 1 அல்லது 2 செ.மீ. நகர்த்திப் பாருங்கள். அப்போதும் விரிந்தே இருந்தால் கழற்றிவிட்டு, பழைய க்ரூப் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் குற்றவாளி எடைத்துண்டு. திரும்பாவிட்டால் இடையில் வேறொன்று தளர்ந்திருக்கிறது.

பிறகு பின்பார்வையைத் திருத்தலாம். முன்பார்வைக்கும் பின்பார்வைக்கும் இடையே 80 செ.மீ. இருக்கும் துப்பாக்கியில், பின்பார்வை 0.1 மி.மீ. நகர்ந்தால் இலக்கில் 1.25 மி.மீ. நகரும். உங்கள் பின்பார்வையின் ஒரு கிளிக் (திருகைத் திருப்பும்போது ஒரு படி) எவ்வளவு நகர்த்துகிறது என்பதைக் கையேட்டை மட்டும் நம்பாமல், பத்து கிளிக் திருப்பிச் சுட்டு, அளந்து, பத்தால் வகுத்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒற்றைக் குண்டைப் பார்த்துக் கிளிக் திருப்பாதீர்கள். ஐந்து குண்டுகளின் நடுவைக் கணித்த பிறகே திருப்புங்கள்.

ஆறாம் படி: உடம்புக்கும் துப்பாக்கிக்கும் மறுபடி அறிமுகம்

அதிகப் பொறுமை தேவைப்படுவது இங்கேதான். முன்பாரம் கூடியதால் துப்பாக்கி இயல்பாகத் தாழ்ந்து நிற்கும். பலர் இடக்கையால் தூக்கிச் சமாளிக்கிறார்கள். தசையால் தூக்கினால் தசை தளரும்போது குண்டும் தளரும். எலும்பின்மேல் நிற்கும்படி பாகங்களைத்தான் நகர்த்தவேண்டும்.

வழக்கமான நிலையில் நின்று, இலக்கை நோக்கித் துப்பாக்கியை வைத்து, கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். கண்ணைத் திறக்கும்போது முனை எங்கே நிற்கிறதோ அதுவே உடம்பு விரும்பும் இடம். இடமோ வலமோ விலகியிருந்தால் பாதங்களை நகர்த்துங்கள். துப்பாக்கியைக் கையால் இழுக்கவேண்டாம். கீழே நின்றால் இரண்டு வழிகள். ஒன்று, கைத்தாங்கியின் உயரத்தைக் கூட்டுவது. மற்றொன்று, பட் பிளேட்டை (தோளில் ஊன்றும் தகடு) கட்டையில் மேல்நோக்கி நகர்த்துவது. பிளேட் தோளில் அதே இடத்தில் நிற்பதால் கட்டையின் பின்பகுதி இறங்கி, முனை ஏறும். இரண்டாவது வழியை எடுத்தால் கன்னத்தாங்கியின் உயரத்தையும் மறுபடி சரிபார்க்கவேண்டியிருக்கும், ஏனென்றால் பின்பகுதி கன்னத்தை விட்டுக் கீழே போயிருக்கும். இதை மறப்பதால்தான் பலருக்குக் கழுத்துவலி வருகிறது. எடையைத்தான் பிறகு குறை சொல்கிறார்கள்.

கன்னத்தாங்கிக்கும் கண்மூடிச் சோதனைதான். கண்ணை மூடிக் கன்னத்தை இயல்பாக வைத்துவிட்டுத் திறங்கள். பின்பார்வைத் துளையின் நடுவில் முன்பார்வை வட்டம் தானாக உட்கார்ந்திருக்கவேண்டும். கழுத்தை நீட்டியோ மடக்கியோ நடுவுக்குக் கொண்டுவரவேண்டியிருந்தால் தாங்கியின் உயரமோ பக்கவாட்டு அளவோ சரியில்லை.

எந்தப் பாகத்தை நகர்த்தினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் 2 மி.மீ. அளவில். மூன்றை ஒரே நாளில் மாற்றிவிட்டு மதிப்பெண் ஏறினால் எதனால் ஏறியது என்று தெரியாது. இறங்கினாலும் அதே கதிதான்.

சாய்வு: கண்ணுக்குத் தெரியாத திருடன்

எடை மாறியதும் துப்பாக்கி பக்கவாட்டில் சாயும் அளவும் பெரும்பாலும் மாறிவிடுகிறது. பெல்லட் 18 மி.மீ. இறங்குவதை ஈடுகட்டக் குழல் சற்று மேல்நோக்கி நிற்கிறது. துப்பாக்கி சாய்ந்தால் அந்த மேல்நோக்கிய கோணமும் சாய்ந்த பக்கமாகத் திரும்பிவிடும். 1 டிகிரி சாய்வுக்கு இலக்கில் சுமார் 0.3 மி.மீ. விலகல், 5 டிகிரிக்கு 1.5 மி.மீ. சற்றே சாய்த்துப் பிடிப்பது தவறல்ல, நல்ல வீரர்கள் பலரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் வேறு வேறு சாய்வில் பிடிப்பதுதான் தவறு. முன்பார்வைக் குழாயின் இருபக்கமும் கிடைக்கோடுகள் உள்ள வகையைப் பொருத்தி, ஒவ்வொரு குண்டுக்கு முன்பும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும்.

முன்பார்வை வட்டத்தையும் இதே கையோடு சரிபாருங்கள். கண்ணிலிருந்து முன்பார்வை 90 செ.மீ. தள்ளி இருந்தால், இலக்கின் 30.5 மி.மீ. கறுப்பு அங்கே 2.75 மி.மீ. அளவாகத் தெரியும். 4 மி.மீ. வட்டம் போட்டால் சுற்றிலும் 0.6 மி.மீ. வெள்ளை கிடைக்கும். 3.4 போன்ற இறுக்கமான வட்டம் துல்லியமாகத் தோன்றினாலும், வெள்ளை மெல்லியதாகி ஒவ்வோர் அசைவும் பூதாகரமாகத் தெரியும். விரல் பயந்து நின்றுவிடும். எடை கூட்டியும் கை நடுங்குவதாகச் சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வட்டத்தை ஒரு அளவு பெரிதாக்குங்கள் என்பதுதான்.

டிரிகரை இப்போது தொடவேண்டாம். எடைச் சோதனை முடியும்வரை அது பழையபடியே இருக்கட்டும். பின்னால் மாற்றியே ஆகவேண்டும் என்றால் கையேட்டில் உள்ள வரிசைப்படி மாற்றி, காலித் துப்பாக்கியைத் தயார்நிலையில் வைத்துக் கட்டையை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். தட்டியதில் விடுபட்டால் அது போட்டிக்குத் தகுதியற்ற, ஆபத்தான அமைப்பு.

கடைசித் தேர்வு: 60 குண்டுகள்

எடை பயன்படுகிறதா என்பதை முதல் பத்து குண்டுகள் சொல்லாது. புதிதாக எதைப் பிடித்தாலும் முதல் பத்து குண்டுகள் நன்றாகவே போகும். போட்டியில் இருப்பதுபோல 75 நிமிடங்களில் 60 குண்டுகளையும் சுட்டு, பத்துப் பத்தாகப் பிரித்து எழுதுங்கள். ஐந்தாவது, ஆறாவது பத்துகளில் மதிப்பெண் சரிந்தால், குண்டுகள் கீழ்நோக்கி நீண்டு விழுந்தால், உங்கள் உடம்புக்கு முன்பாரம் அதிகம். எடையைக் குறைக்கும்முன் அதே எடையை 5 செ.மீ. பின்னால் தள்ளி இன்னொரு முறை முயலுங்கள். அநேகமாக அதுவே போதும். கடைசிப் பத்துகள் நன்றாக இருந்து, குண்டுகள் பக்கவாட்டில் மட்டும் பரவினால், எடையை விட்டுவிட்டுப் பாதங்களையும் இடுப்பையும் கவனியுங்கள்.

ஒவ்வோர் அமைப்பையும் இப்படி இரண்டு மூன்று முழுச் சுற்றுகளாவது பார்த்த பிறகே முடிவு. ஒளிமுறைப் பயிற்சிக் கருவி கிடைத்தால் இன்னும் தெளிவாகும். குண்டு வெளியேறும் முன் கடைசி ஒரு வினாடியில் முனை வரையும் தடத்தின் நீளத்தைப் பழைய அமைப்போடு ஒப்பிடுங்கள். தடம் சுருங்கி, மதிப்பெண் ஏறாவிட்டால் குறை விரலில் இருக்கிறது.

முடிவான அமைப்பு கிடைத்ததும் எடைத்துண்டின் இடம், பட் பிளேட், கன்னத்தாங்கி, கைத்தாங்கி அளவுகள் அனைத்தையும் எழுதி, துப்பாக்கிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள். பயணத்துக்கு எடைத்துண்டைக் கழற்றுபவர்கள் பென்சில் கோட்டுக்குப் பதிலாகக் குழலில் மெல்லிய நாடாத்துண்டு ஒன்றை நிரந்தரமாக ஒட்டி, எடைத்துண்டின் விளிம்பு அதைத் தொடும்படி மீண்டும் மாட்டலாம். மாட்டியபின் சரிபார்ப்புக் குண்டுகள் சுடாமல் பழைய கிளிக்கை நம்பவேண்டாம்.

போட்டிக்குப் போகும்போது மொத்த எடையை 5.5 கிலோவுக்கு அரைக்கிராம் குறைவாக நிறுத்துவது வீரமல்ல. உங்கள் தராசும் சோதனை மேசையின் தராசும் ஒரே எண்ணைக் காட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 50 கிராம் இடைவெளி விடுங்கள். சோதனை முடிந்து முத்திரை ஒட்டிய பிறகு, போட்டி முடியும்வரை எடைத்துண்டுகளைக் கூட்டவோ மாற்றவோ கூடாது; மாற்றினால் மறுபடி சோதனைக்குப் போகவேண்டும்.